ஜுலேகா பெரியம்மா கேட்ட பத்து நாட்கள்

செய்தி வந்த வியாழக்கிழமை காலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போன் அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. திட்டிக்கொண்டே எடுத்தேன். செல்வி. என் பெரியம்மா சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியில், அவர் லைனில் தைக்கிற பெண்.

"சார், அம்மா வுழுந்துட்டாங்க சார்."

"எங்க? படிக்கட்டுலயா?"

"இல்ல சார், லைன்லயே. மெஷினைப் புடிச்சிட்டு நின்னாங்க. அப்படியே சரிஞ்சிட்டாங்க."

"மூச்சு இருக்கா? அதைச் சொல்லு மொதல்ல."

அவள் அழுதாள். அழுகைக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஷிப்மெண்ட் வாரம். அந்த லைனை மட்டும்தான் நிறுத்தியிருந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். வராந்தாவில் உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டிருந்தார்கள். "ரமலான் கடைசிப் பத்துல, நோன்போட போயிருக்காங்க. கொடுத்து வச்சவங்க."

ஜுலேகா பெரியம்மாவுக்கு யாரும் எதையும் கொடுத்து வைக்கவில்லை. அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். வருஷா வருஷம் கேட்டார். அவரோடு பழகியவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். "போனவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது" என்று அம்மா சொன்னார். நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அவர் கேட்டது இஃதிகாஃப். ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் உலக வேலைகளை விட்டுவிட்டு, இறைவனை நினைத்து ஒரே இடத்தில் தங்கியிருப்பது. ஆண்கள் பள்ளிவாசலில் தங்குவார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் வீட்டிலேயே, தாங்கள் தொழுகிற மூலையில் திரை கட்டிக்கொண்டு உட்காருவார்கள். இருபதாவது நோன்பன்று சூரியன் மறைவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். பெருநாள் பிறை தெரிந்த பிறகுதான் வெளியே வரலாம். கழிப்பறைக்கும், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யவும் போகலாம். வேறு எதற்கு எழுந்து வந்தாலும் முறிந்துவிடும். கல்யாணமான பெண் என்றால் கணவரின் அனுமதி வேண்டும்.

கடைசியாகச் சொன்னேனே, அந்த அனுமதி. அதில்தான் பெரியம்மாவின் ஆசை மாட்டிக்கொண்டது.

நான் குடியாத்தத்துக்காரன். பாலிடெக்னிக் படிப்பதற்காக ஆம்பூரில் அவர் வீட்டில் தங்கினேன். அவர் என் அம்மாவுக்கு அக்கா. குட்டையானவர். குரல் மட்டும் மூன்று லைன் தாண்டிக் கேட்கும் என்பார்கள். பெட்டியோடு போய் நின்ற முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கம்மா உன்னை அறிவாளின்னு சொல்லி அனுப்பியிருக்கா. தட்டு கழுவத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப இன்னும் படிக்க வேண்டியது ஜாஸ்தி இருக்குது" என்று தேய்க்கிற நாரைக் கையில் கொடுத்தார்.

கம்பெனியில் அவர் பெயரைச் சொன்னால் புதிதாகச் சேர்ந்த பெண்கள் பேச்சை விட்டுவிட்டு ஊசியைப் பார்ப்பார்கள். செல்வி சேர்ந்த புதிதில் வீட்டுப் பிரச்சினை ஏதோ நினைவுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதிருக்கிறாள். பெரியம்மா வந்து நின்று, "அழுவுறதுன்னா பாத்ரூம்ல போய் அழு. தோல் மேல சொட்டு வுழுந்தா கறை புடிக்கும்" என்றிருக்கிறார். ராட்சசி என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே செல்வி எழுந்து போனாள். அழுது முடித்துக் கதவைத் திறந்தால், வெளியே பெரியம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். மேனேஜர் தேடி வந்தாராம். "உள்ள ஆள் இருக்குது, போங்க சார்" என்று அவரைத் துரத்திவிட்டுக் காவல் நின்றிருக்கிறார். "முடிஞ்சிதா? மூஞ்ச கழுவு. ஊசி மாத்தி வச்சிருக்கேன்." வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

அவர் கணவர் கமால் பாய். நாங்கள் பெரியத்தா என்போம். தோலுக்குத் தரகர். தெருவில் அவருக்கு நல்ல பெயர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் நின்று பரிமாறுவார். யாரிடமும் இல்லை, முடியாது என்று சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பார்.

நான் அங்கே கழித்த முதல் ரமலானில் அதைப் பார்த்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இருபதாவது நோன்பன்று காலையே பெரியம்மா உள்ளறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த மூலையைத் துடைத்தார். துவைத்த போர்வையைத் திரையாகப் போட நைலான் கயிறு கட்டினார். குர்ஆனையும் தமிழ் விளக்கத்தையும் பலகையில் வைத்தார். கம்பெனியில் கெஞ்சி லீவும் வாங்கியிருந்தார். சாயந்திர அஸர் தொழுகை முடிந்ததும் கூடத்துக்கு வந்து நின்றார்.

"ஏங்க, இந்த வருஷம் உக்காரட்டுமா?"

பெரியத்தா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பாக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். "பாக்கலாம்னேனே. இன்னா அவசரம்?"

நோன்பு திறக்கத் தட்டுகளை வைத்தோம். ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியத்தா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, விரலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூரியன் மறைந்து பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பழத்தை வாயில் போட்டு மென்றார்.

"அடடா, பாங்கு சொல்லிட்டாங்களே. சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பெரியம்மா தண்ணீர் குடித்தார். எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். மறுநாள் காலை கம்பெனிக்குப் போனார். லீவு போட்டவர் ஏன் வந்தார் என்று மேனேஜர் கேட்டாராம். "கேன்சல்" என்றாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு முடியாதுன்னு சொல்லவே இல்லையே. நீங்க பாட்டுக்கு போய் உக்காந்திருக்கலாம்ல?" என்றேன். பெரியம்மா என்னைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அல்லாவுக்காக உக்காரப் போறவ அவன் போட்ட கண்டிஷனை மிதிச்சிட்டா போவா? போடா, போய்ப் படி."

அடுத்த வருஷமும் அதேதான். பேரீச்சம்பழம்கூட அதே மாதிரி விரலில் இருந்தது.

மூன்றாவது வருஷம் பெரியத்தா ஒரு தப்புச் செய்தார். நோன்பு திறக்கத் தோல் வியாபார நண்பர்களையும் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தையும் வீட்டுக்கு அழைத்தார். நாளைக் கவனிக்கவில்லை. அது இருபதாவது நோன்பு. கூடம் நிறைய ஆள். பெரியம்மா சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். பாங்குக்குச் சற்று முன்னால் கதவருகே வந்து, லைனில் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"ஏங்க, நான் இஃதிகாஃப் உக்காரட்டுமா?"

எல்லாரும் பெரியத்தாவைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். "இதைப் போயி கேக்கணுமா? நான் எப்ப தடுத்தேன்? தாராளமா உக்காரு."

"மாஷா அல்லாஹ்" என்றார் ஹஜ்ரத். நண்பர்களும் சொன்னார்கள்.

பெரியம்மா கரண்டியை என் கையில் திணித்தார். "எண்ணெயில நாலு கெடக்குது. எடுத்துட்டு அடுப்பை நிறுத்து." நேராக மூலைக்குப் போய், காலையிலேயே கட்டி வைத்திருந்த திரையை இழுத்துவிட்டார். வடை கருகியது. பரிமாறியது நான். பெரியத்தா சிரித்த முகத்தோடு விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்து, திரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் போனார்.

"வீட்ல பேஜாரா இருக்குது ஹஜ்ரத். எழுந்துக்கச் சொல்லிடட்டுமா?"

"நீங்கதானே பாய் உக்காரச் சொன்னீங்க. நாங்கெல்லாம் கேட்டோமே."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொன்னாலும் குடுத்தது குடுத்ததுதான். பொண்டாட்டிக்கு அனுமதி குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. சட்டம் அப்படி இருக்குது." ஹஜ்ரத் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார் என்றே நினைக்கிறேன்.

திரும்ப வாங்க முடியாததைப் பெரியத்தா வேறு வழியில் வாங்கப் பார்த்தார். டிவியை உள்ளறைக்குத் தூக்கி வந்து கிரிக்கெட் போட்டார். திரைக்கு முன்னால் நின்று, "என் வெள்ளை ஜிப்பா எங்க?" என்றார். "பீரோ ரெண்டாந்தட்டு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "சக்கரை டப்பா எங்க? கரண்ட் கார்டு எங்க?" கொஞ்ச நாளில் பதில் நின்றுவிட்டது. அப்போது என்னிடம் சொன்னார்: "சஹருக்குத் தட்டு வெக்காத. பசிச்சா தானா எழுந்து வருவா." அன்றைக்கு விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுவதற்குள் சமையலறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். பெரியம்மா வெறும் தண்ணீரைக் குடித்து நோன்பு வைத்தார். அடுத்த நாள் தட்டை நான் அவர் கண்ணெதிரேயே எடுத்துக்கொண்டு போனேன். "என்னை வேணும்னா வெளிய அனுப்புங்க. ஆனா தெருவுல நாலு பேரு ஏன்னு கேப்பாங்க" என்றேன். தெரு என்றதும் அடங்கிவிட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஓதுகிற சத்தம் கேட்கும். சில சமயம் அழுகை. ஒரு முறை சிரிப்புகூடக் கேட்டது. பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. பிறை தெரிந்தது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மூன்று வருஷமாகப் பார்த்த அந்த முகத்தில் எப்போதும் ஒரு சுளிப்பு இருந்தது என்பதே அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, தோல் டேனரி மாதிரி நாறுது" என்றார்.

பெருநாள் முடிந்து ஒரு நாள் கேட்டேன், உள்ளே என்னதான் இருந்தது என்று.

"மொதல்ல காதுக்குள்ள லைன் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மெஷின் சத்தம். நான் திட்டுனது, என்னைத் திட்டுனது, எல்லாம். அப்புறம் அது நின்னுச்சு."

"நின்னு?"

"அதுக்கப்புறம் உள்ளது எனக்கும் அவனுக்கும். உனக்கு எதுக்கு?"

ஆனால் ஒன்றைச் சொன்னார். பத்து நாளும் ஒரு முள் உள்ளே இருந்ததாம். ஆள் பலம் பார்த்துக் கேட்டு வாங்கியது. அதற்காகப் பெரியத்தாவிடம் போய், "நாலு பேரு முன்னாடி கேட்டது தப்புதான்" என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மனுஷனிடம் போய் இதைச் சொல்வதா? பெரியத்தா அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருபதாவது நோன்பன்று ஒரு விருந்தாளியும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெரியம்மா கேட்பார். "பாக்கலாம். போன தடவை மாதிரி மாட்டி விட்டுடாத" என்பார் அவர். பிறகு பாங்கு.

நான் படிப்பு முடித்து வேலைக்குப் போனேன். இப்படியே வருஷங்கள் ஓடின. போன வருஷம் பெரியத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. சொல்வது எல்லாம் புரியும், பேசத்தான் முடியாது என்றார் டாக்டர். அது உண்மைதான். டீ வேண்டுமா, ஃபேன் போடவா என்று கேட்டால் தலையை ஆட்டுவார், அல்லது அசைத்து மறுப்பார்.

பெரியம்மா அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், மலம் அள்ளினார், பிறகு கம்பெனிக்குப் போனார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைத்தார். பொறுமையின் சிகரம் என்று தெரு சொன்னது. அதெல்லாம் இல்லை. சாயந்திரம் ஊட்டும்போது, பெரியத்தாவின் பழைய நண்பர்கள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார். "அவரும் வரல. இவரும் வரல. இன்னைக்கும் யாரும் வரல. வாயைத் தொறங்க." அந்த ஸ்பூன் சோறு எப்படி இறங்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் இருபதாவது நோன்பன்று என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். மூலையில் கயிறு கட்டியாகிவிட்டது. லீவு வாங்கியாகிவிட்டது. பெரியத்தாவைப் பார்த்துக்கொள்ள என் அம்மா குடியாத்தத்திலிருந்து வந்து தங்கத் தயாராக இருந்தார். ஒரு சாக்கும் மிச்சமில்லை. பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். லைன் குரல் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"உக்காரட்டுமா? தலையை ஆட்டுனா போதும்னு ஹஜ்ரத் சொல்லிட்டாரு. உங்களுக்கு ஒரு கொறையும் வராது. தங்கச்சி வர்றா."

பெரியத்தா அவரைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. வெளிச்சம் இறங்க இறங்க அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு ஒலித்தது. உடனே இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பெரியம்மா கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை அந்த வாயில் வைத்தார்.

நான் பாங்குக்கு முன்பே பெரியம்மாவைச் சமையலறைக்கு இழுத்துச் சண்டை போட்டிருந்தேன். "போய் உக்காருங்க. அவரு ஆட்டலன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"சரி, தெருவுல நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க முன்னாடி கேளுங்க. கழுத்து தானா ஆடும்."

சிரித்துவிட்டார். "ஆடும்டா. எனக்கும் தெரியும். ஆனா அது ஒரு தடவை வாங்கியாச்சு. இந்த தடவை அவரா குடுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வாய் போச்சு, கை போச்சு. வீம்பு மட்டும் எப்படித்தான் தப்பிச்சுதோ" என்றார்.

மறுநாளிலிருந்து லைனில் நின்றார். ஷிப்மெண்ட் என்று ஓவர்டைமும் பார்த்தார். அடுத்த வாரம் செல்வியின் போன்.

மூலையில் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். இதயத்தில் அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. அங்கேயும் நின்றிருக்கும். ஆனால் அவர் கேட்ட இடத்தில் நின்றிருக்கும்.

அன்றே அடக்கிவிடலாம் என்றேன். பெரியத்தாவின் நண்பர்கள் விடவில்லை. ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மறுநாள் ரமலானின் கடைசி வெள்ளி, ஜும்மா தொழுகைக்குக் கூட்டம் ஜாஸ்தி வரும், ஜனாஸா தொழுகை பெரிதாக இருக்கும் என்றார்கள். அப்படியே ஆனது.

வெள்ளிக்கிழமை உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிக் கூடத்தில் வைத்தார்கள். செல்வியும் லைன் பெண்களும் அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று கம்பெனிக் கோட்டோடு வந்து ஓரமாக நின்றார்கள். பெரியத்தாவை வீல்சேரில் கொண்டுவந்து முகத்தைக் காட்டினார்கள். தூக்குவதற்கு முன்னால் ஹஜ்ரத் வழக்கப்படி சொன்னார்: "இவங்க மேல யாருக்காவது மனக்குறை இருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

தரகு நண்பர் ஒருவர் குனிந்து, பெரியத்தாவின் காதருகே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாய், நீங்களும் மன்னிச்சிட்டேன்னு தலையை ஆட்டுங்க."

பெரியத்தா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆட்டினார். தெளிவாக, மேலும் கீழுமாக, யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி ஆட்டினார். கழுத்தில் ஒரு பழுதும் இல்லை.

"சுப்ஹானல்லாஹ், எவ்ளோ பெரிய மனசு" என்றார் ஒருவர். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னாத்துக்கு மன்னிக்கிறாரு?" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தது. செல்வி. "அவங்க இன்னா பண்ணாங்க இவரை?"

ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டு, "தூக்குங்கப்பா, நேரமாவுது" என்றார். தூக்கினோம். பள்ளிவாசலில் ரமலான் மாதத்துக்கு விடைகொடுக்கும் குத்பா பிரசங்கம் நடந்தது. போய் வா புனித மாதமே என்று ஹஜ்ரத்தின் குரல் உடைந்தது. பெரியம்மாவைக் கிடத்திய சந்தூக்கு வெளியே நிழலில் காத்திருந்தது. உள்ளே அந்த மாதத்துக்காக அத்தனை பேர் அழுதார்கள்.

பெருநாள் காலை ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்து, வழக்கம்போல எல்லாரும் அடக்கம் செய்கிற கபரஸ்தானுக்குப் போனோம். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதினார்கள், கை கொடுத்தார்கள், பிரியாணிக்குக் கிளம்பினார்கள். அம்மா போன் செய்தார். அவர் பெரியத்தா வீட்டில்தான் இருந்தார், பெரியத்தாவுக்குச் சேமியா ஊட்டினாராம். "நல்லா சாப்டறாருடா. அவரை இனிமே யாரு பாத்துக்கறதுன்னு பேச எல்லாரும் வந்திருக்காங்க. நீயும் வா." நான் போனை அணைத்துவிட்டுப் பெரியம்மாவின் கபர் ஓரம் மண்ணில் உட்கார்ந்தேன். ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காரத் தெரியாதவன் நான். வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஈரம் காயாத மண். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

போய் வாருங்கள் என்று எழுத மனம் வரவில்லை. உட்காருங்கள் பெரியம்மா. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.